வன்கொடுமை வழக்குகளுக்கு ஒரு பொது ஆவணக்களம்: சேர்த்தல், அடுக்குதல், செயற்கை நுண்ணறிவின் துணையோடு ஆராய்தல்

வன்கொடுமை வழக்கு ஒன்று முடியும்போது அதன் ஆவணங்கள் குறைந்தது ஐந்து இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. முதல் தகவல் அறிக்கையும் இறுதி அறிக்கையும் காவல் நிலையத்தில். சாட்சியமும் தீர்ப்பும் சிறப்பு நீதிமன்றப் பதிவறையில். தீருதவிக் கோப்பு ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில். விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழுவின் கூட்டக் குறிப்பு மாவட்ட ஆட்சியரகத்தில். களஆய்வு அறிக்கை ஓர் இயக்கத் தோழரின் அலமாரியில். பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் இருப்பவை துணிப்பையில் மடித்து வைத்த சில நகல்கள் மட்டுமே. அடுத்த ஊரில் அதே வகை வன்கொடுமை நிகழும்போது, வழக்கறிஞரும் செயற்பாட்டாளரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றனர்.

இந்த ஆவணங்களை ஒரே இடத்தில் சேர்த்து, ஒரே முறையில் அடுக்கி, எவரும் தேடிப் படிக்கும்படி திறந்து வைப்பது எப்படி, அவற்றைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் துணையோடு ஆராய்வது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கல்லூரி மாணவர்களும் களச் செயற்பாட்டாளர்களும் தாங்களே தொடங்கக்கூடிய பணி இது.

எண்களை யார் விளக்குவது

2018 மார்ச் 20 அன்று சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பட்டியல் சாதிகள் மற்றும் பட்டியல் பழங்குடியினர் (வன்கொடுமைகள் தடுப்பு) சட்டம், 1989இன் கூர்மையை மழுக்கியது. வழக்குப் பதிவுக்கு முன் முதற்கட்ட விசாரணை, கைதுக்கு முன் மேலதிகாரியின் ஒப்புதல் ஆகியவற்றை நுழைத்தது. சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற அந்தத் தீர்ப்பின் வாதத்துக்குத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்களும் துணையாகச் சுட்டப்பட்டன. ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் முழு அடைப்பு நடந்தது. போராட்டத்தில் பலர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. 2019 அக்டோபர் 1 அன்று மறுசீராய்வில் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல்களைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரி 10 அன்று 18ஏ பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இந்த இரண்டு ஆண்டு வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ‘முடித்து வைக்கப்பட்டது’, ‘விடுதலை’ என்ற எண்கள் காரணம் இல்லாமல் நிற்கும்போது, அவற்றுக்கு விருப்பம்போல் பொருள் சொல்ல முடிகிறது. காவல்துறை புலனாய்வைக் கெடுத்ததால் வந்த விடுதலையும், சாட்சிகள் மிரட்டப்பட்டுப் பிறழ்ந்ததால் வந்த விடுதலையும், பொய்ப் புகார் என்ற ஒரே கூடைக்குள் போடப்படுகின்றன. மறுசீராய்வுத் தீர்ப்பு, வழக்குகள் தோற்பதற்குக் குறைபாடுள்ள புலனாய்வும் காரணம் என்று ஏற்றுக்கொண்டது. அதை மாவட்டம் மாவட்டமாக, நிலையம் நிலையமாகக் காட்டும் சான்று நம் கையில் இருக்க வேண்டும்.

அரசின் புள்ளிவிவரம் அதைத் தராது. பட்டியல் சாதியினர் மீதான குற்றங்கள் என 2021இல் 50,900 வழக்குகளும், 2022இல் 57,582 வழக்குகளும் பதிவானதாகக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் சொல்கின்றன. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால், மிகக் கடுமையான ஒன்று மட்டுமே அங்கு எண்ணப்படுகிறது. கொலையோடு வீடெரிப்பும் சாதி இழிவும் நடந்திருந்தால், கொலை மட்டுமே கணக்கில் ஏறும். எந்த நிலையம் தாமதித்தது, எந்த வழக்கில் சாதிச் சான்றிதழ் குறியீடு செய்யப்படவில்லை என்பதற்கு அங்கே கட்டமே இல்லை. பதிவாகாத புகார்கள் அந்த அறிக்கைக்குள் வருவதே இல்லை.

எவற்றைச் சேர்ப்பது, எங்கே பெறுவது

1. முதல் தகவல் அறிக்கை. புகார்தாரருக்கு இதன் நகலை இலவசமாகத் தருவது காவல் நிலையத்தின் கடமை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(2) பிரிவு அதைச் சொல்கிறது. 2016இல் யூத் பார் அசோசியேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம், பாலியல் குற்றங்கள் போன்ற நுண்ணுணர்வு வழக்குகள் தவிர்த்த பிற முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற உத்தரவிட்டது.

2. இறுதி அறிக்கையும் இணைப்புகளும். 230ஆம் பிரிவின்படி, வழக்கறிஞர் மூலம் முன்னிலையாகும் பாதிக்கப்பட்டவருக்கும் இவை வழங்கப்பட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இல்லாத உரிமை இது. வழக்கை முடித்து வைத்ததாகப் புகார்தாரருக்கு வரும் அறிவிப்பையும் தவறாமல் சேர்க்க வேண்டும்.

3. பிணை உத்தரவுகள், சாட்சியப் பதிவுகள், தீர்ப்புகள். நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் பெறலாம். இ-கோர்ட்ஸ் தளத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு, அதைக் கொண்டு அன்றாட உத்தரவுகளைத் தேடலாம்.

4. விழிக்கண் குழுக் குறிப்புகள். 1995ஆம் ஆண்டு விதிகளின் 16ஆம் விதிப்படி முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஆண்டுக்கு இருமுறையும், 17ஆம் விதிப்படி மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கூட வேண்டும். கூட்டம் நடந்ததா, என்ன பேசப்பட்டது என்பதற்கு அந்தக் குறிப்புதான் சான்று.

5. தீருதவிப் பதிவேடு. 2016 திருத்தத்துக்குப் பின் மத்திய விதிகளின் அட்டவணை, குற்றத்தின் தன்மைக்கேற்ப 85,000 ரூபாய் முதல் 8,25,000 ரூபாய் வரை தீருதவி விதிக்கிறது. எந்தக் கட்டத்தில் எத்தனை விழுக்காடு என்பதும் அங்கே உள்ளது. வழங்கிய நாளையும் தொகையையும் ஒப்பிட இந்தப் பதிவேடு வேண்டும்.

6. உண்மை அறியும் குழு அறிக்கைகள், செய்தி நறுக்குகள், இயக்கத் துண்டறிக்கைகள். இவை நீதிமன்ற ஆவணங்கள் அல்ல; ஆனால் வழக்காகப் பதிவாகாத வன்கொடுமைக்குப் பல நேரங்களில் இவை மட்டுமே தடயம்.

நான்காவதும் ஐந்தாவதும் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 வழியாகப் பெற வேண்டியவை. கேள்வியை அமைக்கும் முறையில் கவனம் தேவை. 2023ஆம் ஆண்டு எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்ற விலக்கை விரிவாக்கியிருக்கிறது. பெயர்ப் பட்டியல் கேட்டால் அந்த விலக்கைக் காட்டி மறுப்பார்கள். ஆகவே பெயரை விட்டுவிட்டு, ‘குற்ற எண், வழக்குப் பதிவான நாள், தீருதவி அனுமதித்த நாள், வழங்கிய நாள், தொகை’ என்ற ஐந்து பத்திகளை மட்டும் கேட்க வேண்டும். பொதுநலன் கருதி வெளியிடச் சொல்லும் 8(2) பிரிவும், வெளியிடத்தக்க பகுதியைப் பிரித்துத் தரச் சொல்லும் 10ஆம் பிரிவும் இன்றும் உள்ளன. மறுப்பு வந்தால் முதல் மேல்முறையீட்டில் இவ்விரண்டையும் குறிப்பிட வேண்டும். மறுப்புக் கடிதமும் ஓர் ஆவணமே. அதையும் களத்தில் சேர்க்க வேண்டும்.

அடுக்கும் முறை

கோப்புகளை ஒரு பெட்டகத்தில் கொட்டிவைத்தால் அது குவியலாகவே இருக்கும். ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு வரி கொண்ட அட்டவணைதான் ஆவணக்களத்தின் முதுகெலும்பு. சாதாரண விரிதாளில் தொடங்கினால் போதும். குறைந்தது பின்வரும் பத்திகள் இருக்க வேண்டும்: ஆவண எண், ஆவண வகை, மாவட்டம், காவல் நிலையம், குற்ற எண்ணும் ஆண்டும், சி.என்.ஆர். எண், சம்பவ நாள், வழக்குப் பதிவு நாள், இறுதி அறிக்கை நாள், சட்டப் பிரிவுகள், விளைவு, விளைவுக்கான காரணம், ஆவணம் யாரிடமிருந்து எப்படி வந்தது, பொதுவில் வைக்கலாமா.

சம்பவ நாளுக்கும் பதிவு நாளுக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும் என்பதில் தளர்வு கூடாது. பிரிவு எந்த வடிவில் பொருந்தும் என்பதைச் சம்பவ நாளே தீர்மானிக்கிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 3(2)(5) பிரிவு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் ‘என்ற காரணத்தால்’ குற்றம் இழைக்கப்பட்டதாக மெய்ப்பிக்கச் சொன்னது. திருத்தத்துக்குப் பின், அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் ‘என்று அறிந்திருந்து’ செய்ததாக மெய்ப்பித்தால் போதும். இரண்டு காலத்துத் தீர்ப்புகளையும் கலந்துவிட்டுக் கருவியிடம் கேட்டால், பழைய அளவுகோலைப் புதிய வழக்குக்குப் பொருத்தித் தவறான விடை தரக்கூடும்.

அதேபோல், பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இழிவுபடுத்துவது அன்று 3(1) பிரிவின் பத்தாம் உட்பிரிவு, இன்று 3(1)(ஆர்). 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302, பாரதிய நியாய சன்ஹிதாவின் 103 ஆகிவிட்டது. ஆகவே ஆவணத்தில் உள்ள எண்ணை அப்படியே ஒரு பத்தியிலும், அதன் பொருளை, ‘கொலை’, ‘பொது இடத்தில் இழிவு’, ‘நிலம் பறித்தல்’ என்று நாம் வகுத்த நிலையான சொல்லை மற்றொரு பத்தியிலும் எழுத வேண்டும்.

மாவட்டங்களுக்கும் இது பொருந்தும். 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவையும், 2020இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி 1968இல் தஞ்சை மாவட்டத்தில் இருந்தது; இன்று நாகப்பட்டினத்தில். ‘அன்றைய மாவட்டம்’, ‘இன்றைய மாவட்டம்’ என இரண்டு பத்தி இல்லையென்றால், திருநெல்வேலியில் 2019க்குப் பின் வன்கொடுமை குறைந்துவிட்டது போன்ற பொய்த் தோற்றம் வரைபடத்தில் உருவாகும்.

சாதிப் பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். 2021ஆம் ஆண்டு அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணைத் திருத்தத்தால் ஏழு பெயர்கள் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின்கீழ் வந்தன. 2009ஆம் ஆண்டு உள் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் அருந்ததியர் என்ற பெயரின்கீழ் ஏழு சாதிகள் வருகின்றன. முதல் தகவல் அறிக்கையில் எழுத்தர் எழுதிய பெயர் ஒன்று, சாதிச் சான்றிதழில் உள்ள பெயர் வேறொன்று, மக்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயர் மற்றொன்று என்று இருக்கும். ஆவணத்தில் உள்ளதை மாற்றாமல் பதிந்து, சான்றிதழின் பெயரைத் தனிப் பத்தியில் எழுத வேண்டும். வழிமொழியாத பெயரை நாம் யாருக்கும் சூட்டக் கூடாது.

தமிழ் எழுத்தும் ஸ்கேன் படிகளும்

கீழமை நீதிமன்ற ஆவணங்களில் பெரும்பகுதி தமிழில் உள்ளது. கையெழுத்துப் பிரதிகளும் ஏராளம். பழைய அரசு ஆவணங்கள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றின் பிடிஎஃப் கோப்பைத் திறந்தால் கண்ணுக்குத் தமிழ் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற குறிகள் வரும். கருவி படிப்பது அந்தக் குறிகளைத்தான். தமிழ்நாடு அரசு 2010இல்தான் யூனிகோடைத் தரநிலையாக அறிவித்தது என்பதை நினைவில் கொண்டு, அதற்கு முந்தைய கோப்புகளை எழுத்துரு மாற்றி மூலம் கடத்திய பிறகே சேர்க்க வேண்டும்.

ஸ்கேன் படியிலிருந்து எழுத்தை எடுக்க டெசராக்ட் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் தமிழுக்கும் உள்ளன. அச்செழுத்தில் ஓரளவு நம்பலாம். கையெழுத்தில் மனிதர்தான் தட்டச்சு செய்ய வேண்டும். நாள், குற்ற எண், பிரிவு எண் மூன்றையும் எப்போதும் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். 3 என்பது 8 ஆகிவிட்டால் பின்வரும் கணக்கு முழுவதும் பிசகும். மூலப் படம், எடுத்த எழுத்து, திருத்திய எழுத்து ஆகிய மூன்றையும் தனித்தனிக் கோப்பாக வைத்திருந்தால், ஐயம் வரும்போது எவரும் திரும்பிச் சென்று பார்க்கலாம்.

எதைத் திறப்பது, எதைப் பூட்டுவது

திறந்த ஆவணக்களம் என்றால் எல்லாம் எல்லோருக்கும் என்று பொருளல்ல. ஊரைவிட்டு ஒதுக்கப்பட்ட குடும்பத்தின் பெயரும் முகவரியும் தேடுபொறியில் வந்தால், அடுத்த தாக்குதலுக்கு நாமே வழிகாட்டியாகிவிடுவோம். சட்டமும் எல்லை வகுத்திருக்கிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்கீழ் குற்றம். குழந்தைகளைப் பொறுத்தவரை போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கிறது. அடையாளம் என்பது பெயர் மட்டுமன்று. ஊர், வயது, பள்ளி, தந்தையின் தொழில் ஆகியவற்றைச் சேர்த்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

எனவே மூன்று அடுக்குகள் தேவை. முதல் அடுக்கு பொதுவானது: உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், விழிக்கண் குழுக் குறிப்புகள், பெயர் நீக்கிய அட்டவணை. இதில் ஊர்ப்பெயருக்குப் பதில் வட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டாம் அடுக்கு, உறுதிமொழி தந்த வழக்கறிஞர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் உரியது: பெயர் மறைத்த முதல் தகவல் அறிக்கை, சாட்சியம், கீழமை நீதிமன்றத் தீர்ப்பு. மூன்றாம் அடுக்கு பூட்டப்பட்டது: மறைக்காத மூலங்கள், மருத்துவச் சான்றுகள், சாட்சிகளின் தொடர்பு விவரங்கள். இதன் திறவுகோல் இருவரிடம் மட்டும் இருக்க வேண்டும்; இணையத்தோடு இணையாத வன்தட்டில் இருப்பது நலம்.

இணக்கமும் எழுத்தில் இருக்க வேண்டும். ‘எந்த ஆவணத்தைத் தருகிறோம், எந்த அடுக்கில் வைக்கலாம், விரும்பினால் எப்போது திரும்பப் பெறலாம்’ என்பதைத் தமிழில் வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெற வேண்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சட்ட உரிமையை நிலைநாட்டவும், ஆய்வு மற்றும் ஆவணக் காப்பு நோக்கத்துக்கும் சில விலக்குகள் தருகிறது. அந்த விலக்கு இருப்பதால் குடும்பத்தின் ஒப்புதல் தேவையில்லை என்று கொள்வது அறமாகாது.

ஆதிக்கச் சாதி அமைப்புகளும் இந்தக் களத்தைத் திறந்து பார்க்கும், விடுதலைகளை எண்ணும், சட்டத்தை நீக்கச் சொல்லும் என்ற அச்சம் நம்மிடையே உண்டு. அது நியாயமான அச்சம். மூடிவைப்பதால் அந்த எண்ணிக்கை நின்றுவிடாது. அரசின் அறிக்கையிலிருந்து அவர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம் அட்டவணையில் ‘விளைவுக்கான காரணம்’ என்ற பத்தி இருப்பது இதற்காகவே. சாட்சி பிறழ்வு, புகார் தாமதம், சாதிச் சான்று குறியீடு செய்யாமை, துணைக் கண்காணிப்பாளர் தகுதிக்குக் கீழானவர் புலனாய்வு செய்தமை, ‘பொதுப் பார்வை’ மெய்ப்பிக்கப்படாமை என்று காரணத்தை வகைப்படுத்தினால், ஒவ்வொரு விடுதலைக்கும் பொறுப்பு யாருடையது என்பது அட்டவணையிலேயே தெரியும்.

கருவியிடம் எதைக் கேட்பது

செயற்கை நுண்ணறிவு மொழிக் கருவிகள் பெருமளவு எழுத்தை விரைவாகப் படித்து, தேடி, சுருக்கி, வகைப்படுத்தித் தரும். நம் கீழமை நீதிமன்றத் தமிழ் அவற்றின் பயிற்சியில் மிகக் குறைவு. விடை தெரியாதபோது, உள்ளதுபோல் ஒன்றை உருவாக்கிச் சொல்லும் பழக்கமும் அவற்றுக்கு உண்டு. 2023 ஜூனில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் தண்டம் விதித்தது. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றங்களில் இக்கருவிகளைக் கொண்டு தீர்ப்பு முடிவெடுக்கக் கூடாது என்று கொள்கை வெளியிட்டது. வன்கொடுமை வழக்கில் கற்பனைத் தீர்ப்பு ஒன்றை நாம் சுட்டினால், தண்டம் நம்மோடு நிற்காது. பாதிக்கப்பட்டவரின் நம்பகத்தன்மையும் அடிபடும்.

எனவே கருவியின் பொது அறிவைக் கேட்கக் கூடாது. முதலில் ஆவணக்களத்தில் தேடி, கிடைத்த பக்கங்களை மட்டும் கருவிக்குத் தந்து, அவற்றிலிருந்தே விடை சொல்லச் செய்ய வேண்டும். ஒவ்வொரு விடைக்கும் ஆவண எண்ணும் பக்க எண்ணும் தரும்படியும், பக்கத்தில் இல்லையென்றால் ‘ஆவணத்தில் இல்லை’ என்று எழுதும்படியும் கட்டளையிட வேண்டும். பக்க எண் இல்லாத விடையை அட்டவணையில் ஏற்றக் கூடாது.

பயனுள்ள கேள்விகள் சட்டத்தின் கால வரம்புகளிலிருந்தும் கட்டாயங்களிலிருந்தும் பிறக்கின்றன.

7(2) விதிப்படி புலனாய்வை முடித்து 60 நாளில் இறுதி அறிக்கை தாக்கலானதா? 14ஆம் பிரிவின்படி, இயன்றவரை இரண்டு மாதத்தில் முடிய வேண்டிய விசாரணை எவ்வளவு காலம் எடுத்தது? பிணை மனுவில் 15ஏ(3) பிரிவின்படி பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்பு தரப்பட்டதா, 15ஏ(5) பிரிவின்படி அவர் கேட்கப்பட்டாரா? இவை கட்டாயமானவை என்று 2021 அக்டோபரில் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 15ஏ(10) கோரும் காணொலிப் பதிவு நடந்ததா? குற்றவாளிக்குப் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ முன்பே தெரியும் என்று வழக்கில் வந்திருந்தும், 8(சி) பிரிவின் ஊகத்தை நீதிமன்றம் பரிசீலித்ததா?

இங்கே சட்ட நுணுக்கம் ஒன்றை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். பிணை உத்தரவில் அறிவிப்பைப் பற்றிய குறிப்பு இல்லை என்பதும், அறிவிப்பே தரப்படவில்லை என்பதும் வெவ்வேறு. கருவி முதலாவதைத்தான் சொல்ல முடியும். இரண்டாவதைச் சொல்ல, குடும்பத்தைக் கேட்டு, நீதிமன்றக் கோப்பைப் பார்க்க வேண்டும். அட்டவணையில் ‘ஆம்’, ‘இல்லை’, ‘உத்தரவில் குறிப்பில்லை’ என்று மூன்று விடைகள் இருக்க வேண்டும்.

சரிபார்ப்புக்கு எளிய முறை உண்டு. ஐம்பது ஆவணங்களை எடுத்து, இருவர் ஒருவரையொருவர் பார்க்காமல் நிரப்ப வேண்டும். பின் கருவி நிரப்பியதை அவற்றோடு ஒப்பிட வேண்டும். மனிதர் இருவருக்குள்ளேயே விடை மாறினால் கேள்வி தெளிவாக இல்லை. அதைத் திருத்த வேண்டும். மனிதர் ஒன்றுபட்டுக் கருவி மட்டும் விலகினால், அந்தக் கேள்வியைக் கருவியிடம் விடக் கூடாது. நாட்களைக் கணக்கிடுவதைக் கருவியிடம் கேட்பதைவிட விரிதாளின் கழித்தல் கணக்கில் செய்வது நம்பகமானது.

கருவி கற்றது சமூகத்தின் எழுத்திலிருந்து. ‘இரு பிரிவினரிடையே மோதல்’, ‘முன்விரோதம்’, ‘நிலத்தகராறு’ என்று நாளிதழும் காவல்துறையும் எழுதிப் பழகிய சொற்களையே அதுவும் சுருக்கத்தில் பயன்படுத்தும். ஒரு தரப்பு மட்டும் தாக்கப்பட்ட நிகழ்வு, சுருக்கத்தில் ‘மோதல்’ ஆகிவிடும். ஆகவே சுருக்கத்தை வெளியிடுமுன் மூலத்தின் வினைச்சொற்களோடு ஒப்பிட வேண்டும்: யார் அடித்தது, யார் அடிபட்டது.

மறைக்காத ஆவணம் எதையும் வணிகக் கருவிகளில் ஏற்றக் கூடாது. அது எங்கே சேமிக்கப்படும், யார் படிப்பார்கள், பயிற்சிக்குச் செல்லுமா என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லை. இரண்டாம், மூன்றாம் அடுக்கு ஆவணங்களுக்குச் சொந்தக் கணினியிலேயே இயங்கும் திறந்த மாதிரிகளைப் பயன்படுத்த வேண்டும். வேகம் குறைந்தாலும் பாதுகாப்பு நம்மிடம் இருக்கும்.

முடிவுகளைச் சொல்லும்போதும் அடக்கம் வேண்டும். நம்மிடம் வந்த வழக்குகள் நடந்த வன்கொடுமைகள் அனைத்தும் அல்ல. இயக்கம் வலுவாக உள்ள ஊர்களிலிருந்து கூடுதலாக வரும். ‘இந்தத் தொகுப்பிலுள்ள இத்தனை வழக்குகளில் இத்தனை’ என்று எழுதலாம். ‘மாநிலத்தில் இத்தனை விழுக்காடு’ என்று எழுதக் கூடாது.

உரிமமும் நீதிமன்றப் பயனும்

நீதிமன்றத் தீர்ப்பை மறுவெளியீடு செய்வது, நீதிமன்றம் தடைசெய்தாலொழிய, பதிப்புரிமை மீறல் அல்ல என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(க்யூ) பிரிவு சொல்கிறது. ஆனால் சட்ட இதழ்கள் எழுதும் தலைக்குறிப்புகளும் பத்திப் பகுப்பும் அவர்களுக்கு உரிமையானவையாக இருக்கலாம். ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கின் தீர்ப்பு இதை விளக்குகிறது. ஆகவே மூலத் தீர்ப்பையே சேர்க்க வேண்டும். நாம் உருவாக்கும் அட்டவணையையும் குறிப்புகளையும், பெயர் சுட்டி, அதே உரிமத்தில் பகிரவேண்டும் என்ற நிபந்தனையோடு பொதுவில் வைக்கலாம். நம் உழைப்பை எடுத்து அடைத்துவைத்து விற்பதை அந்த நிபந்தனை தடுக்கும்.

ஒவ்வொரு மூலக் கோப்புக்கும் ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டுப் பதிந்துவைக்க வேண்டும். பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் படிவம் அந்த மதிப்பைக் கேட்கிறது. சம்பவ நாளில் எடுத்த காணொலி, ஆண்டுகள் கழித்து விசாரணைக்கு வரும்போது மாற்றப்படவில்லை என்று காட்ட இது உதவும். வாச்சாத்தியில் 1992 ஜூனில் நடந்த வன்கொடுமைக்குத் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011இல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயினர். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல். முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு காகிதத்தைக் காப்பது தனி மனிதரால் ஆகாது; அமைப்பால்தான் ஆகும்.

தொகுப்பின் பயன் ஒரு வழக்கோடு நிற்பதில்லை. கடமையை வேண்டுமென்றே புறக்கணித்த அலுவலர் மீது 4ஆம் பிரிவின்கீழ் நடவடிக்கை கோரவும், விழிக்கண் குழுவின் அடுத்த கூட்டத்தில் கேள்வி எழுப்பவும், அரசியலமைப்பின் 338ஆம் உறுப்பின்கீழ் உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் கொண்ட தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையத்திடம் முறையிடவும், பொதுநல வழக்குத் தொடுக்கவும் இந்த அட்டவணை அடித்தளமாகும்.

எங்கிருந்து தொடங்குவது

ஒரு மாவட்டம், ஓர் ஆண்டு, ஐந்து பேர். முதல் மாதத்தில் தகவல் உரிமை மனுக்களை அனுப்பி, இணையத்தில் கிடைக்கும் உத்தரவுகளை இறக்கிக்கொள்ளலாம். பதில் வர 30 நாள் ஆகும். அதற்குள் பத்திகளையும் நிலையான சொற்களையும் வகுத்து எழுதிவிட வேண்டும். இரண்டாம் மாதத்தில் ஐம்பது ஆவணங்களைக் கையாலேயே நிரப்ப வேண்டும். அதன் பிறகே கருவி. மூன்றாம் மாத இறுதியில், 60 நாள் வரம்பு அந்த மாவட்டத்தில் எந்தெந்த நிலையத்தில் மீறப்பட்டது என்ற ஒரே ஓர் அட்டவணையை வெளியிட்டு, ஆட்சியருக்கும் காவல்துறையின் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவுக்கும் அனுப்பலாம். பக்கத்து மாவட்டத் தோழர்கள் அதே பத்திகளோடு தொடங்கினால் இரண்டு அட்டவணைகளும் தாமே இணைந்துகொள்ளும்.

நிர்வாகக் குழுவில் தொழில்நுட்பம் தெரிந்தவர் மட்டும் இருந்தால் போதாது. வழக்கு நடத்திய குடும்பங்களிலிருந்தும், குறிப்பாகப் பெண்களிலிருந்தும், பிரதிநிதிகள் இருக்க வேண்டும். எந்த ஆவணம் எந்த அடுக்குக்குப் போகும் என்பதில் அவர்களின் மறுப்பே இறுதியானதாக இருக்க வேண்டும்.

1893இல் இரட்டைமலை சீனிவாசனும் 1907இல் அயோத்திதாசரும் இதழ் தொடங்கியபோது, நம்மைப் பற்றிய செய்தியை நாமே எழுத வேண்டும் என்ற தேவை அவர்கள் முன் இருந்தது. நம்மைப் பற்றிய தரவை நாமே தொகுத்து, நாமே அடுக்கி, நாமே விளக்கும் பணி நம் தலைமுறையின் முன் இருக்கிறது. வாசிக்கும் மாணவர்கள் தத்தம் மாவட்ட ஆட்சியரகத்துக்கு, கடந்த நான்கு காலாண்டுகளின் விழிக்கண் குழுக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு ஒரு மனு அனுப்புவதிலிருந்து தொடங்கலாம்.